முடியாதுன்னு சொன்னா என்ன ஆகும்?

விண்ணப்பத்தில் இருந்த பெயர் அவளுடையது. பிறந்த தேதி, ரத்த வகை, லைசென்ஸ் நம்பர் எல்லாம் அவளுடையதுதான். கீழே இருந்த கையெழுத்து மட்டும் அவள் போட்டதில்லை. புருஷன் போட்டது. அதையாவது ஒழுங்காகப் போட்டிருக்கலாம். கோடு ஒரு பக்கம் இருந்தது, கையெழுத்து அதற்கு விரலளவு மேலே ஏனோதானோவென்று கோணிக்கொண்டு கிடந்தது.

சாப்பாட்டு மேஜையில் தண்ணீர் ஜாடிக்கு அடியில் அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் அவளுக்கு உச்சி முதல் பாதம் வரை எரிந்தது. காகிதத்தை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். அவர் டிவிக்கு முன்னால் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க இது?"

"எது?"

"என் பேர்ல ஒரு ஃபாரம். என் கையெழுத்த நீங்க போட்டிருக்கீங்க."

"ஓ, அதுவா. எங்க கம்பெனி மேனேஜர் அவசரமா கேட்டாரு. நீ வெளிய போயிருந்த. யார் போட்டா என்ன, ஒரே வீடுதான?"

"ஒரே வீடா? அப்போ உங்க லைசென்ஸ்ல என் போட்டோவ ஒட்டிக்கலாமா?"

மூலையில் படித்துக்கொண்டிருந்த மகள் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "ஜோடியா போறவங்களுக்குத்தான் புது வண்டி குடுக்கறாங்க. நீயும் நானும். ஒருத்தர் ஓட்டுவோம், ஒருத்தர் பின்னாடி படுத்துப்போம். வண்டி நிக்கவே வேண்டாம். எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? நான் சரின்னு சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டாராம். ஆறு மாதம் கனரக வண்டிப் பயிற்சிக்குப் போனது அவள். பின்பக்கமாக டிரெய்லரைச் சந்துக்குள் நுழைக்கத் தெரியாமல் முதல் மாதம் முழுக்க ரப்பர் கூம்புகளை நசுக்கி, கூடப் படித்த இருபத்திரண்டு வயதுப் பையன்களின் கேலியை வாங்கிக்கட்டிக்கொண்டது அவள். தேர்வில் முதல் தடவையே தேறியதும் அவள்தான். எந்தக் கம்பெனி என்று முடிவு செய்வதற்கு மட்டும் அவர்.

தெருவில் அவளுக்கு ஹாரன் என்று பெயர். பதினொரு வருஷம் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டினாள். பஸ்ஸில் இருந்த ஹாரனை அவள் அதிகம் தொட்டதில்லை, தேவைப்படவில்லை. ஜன்னலைத் திறந்து வாயைத் திறந்தால் போதும், முன்னால் குறுக்கே நின்ற கார்கள் தானாக ஒதுங்கிவிடும். அந்தப் பதினொரு வருஷத்தில் ஒரே ஒரு நாள் அவள் முடியாது என்று சொன்னாள். தரைப்பாலத்தின் மேல் முழங்கால் அளவு தண்ணீர் ஓடிய நாள். பிள்ளைகளைச் சீக்கிரம் வீட்டில் கொண்டுபோய் விடு என்றார் தலைமையாசிரியர். அவள் பஸ்ஸைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, நாற்பது பிள்ளைகளையும் நூலக அறையில் உட்காரவைத்து, சாயங்காலம் தண்ணீர் வடியும் வரை பிஸ்கட் கொடுத்துச் சமாளித்தாள். மறுநாள் விளக்கம் எழுதிக் கொடு என்றார்கள். 'முடியாது என்று தோன்றியது, சொன்னேன்' என்று ஒரே வரி எழுதிக் கொடுத்தாள்.

பிறகு பள்ளிக்கூடம் பஸ்களை எல்லாம் வெளியாளிடம் கொடுத்துவிட்டு அவளுக்கு ஒரு சால்வையைப் போர்த்தி அனுப்பியது. நாற்பத்து மூன்று வயதில் வீட்டில் உட்கார அவளால் ஆகவில்லை. நெடுந்தூரம் போகும் டிரெய்லர் ஓட்டுவது என்று முடிவு செய்தாள். தனி வண்டி, தனி இருக்கை, தன் கையில் ஸ்டீயரிங். அவள் கேட்டது அவ்வளவுதான்.

கம்பெனியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று பயிற்சிக்கூடத்தில் ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். அவள் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவளிடம் ஒரே ஒரு கேள்வி இருந்தது. எந்த வாசலுக்குப் போனாலும் அதையே கேட்பது என்று வைத்திருந்தாள்.

முதலில் போனது கண்ணாடிக் கட்டிடத்துக் கம்பெனி. டை கட்டிய இளைஞன் ஒருவன் அவளை மெத்தென்ற நாற்காலியில் உட்காரவைத்து, கம்பெனி பெயர் போட்ட தொப்பி ஒன்றைக் கொடுத்து, அரைமணி நேரம் தேன் ஒழுகப் பேசினான். அவன் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில் அவள் கேட்டாள்.

"கிளம்பற நேரத்துல டிரைவர் முடியாதுன்னு சொன்னா என்ன ஆகும்?"

"புரியல மேடம்."

"பனி மூட்டமா இருக்கு. இல்ல காய்ச்சல். இல்ல பிரேக் மேல சந்தேகம். முடியாது, இன்னைக்கு எடுக்க மாட்டேன்னு சொல்றேன். என்ன ஆகும்?"

அவன் சிரித்தான். "எங்க டிரைவர்ஸ் யாருமே அப்படிச் சொன்னதில்ல மேடம்."

அவன் தலைக்குப் பின்னால் சுவரில் சாவிப் பலகை இருந்தது. நாற்பது கொக்கி. வேலைநாள், காலை பதினொரு மணி, முப்பது கொக்கியில் சாவி தொங்கிக்கொண்டிருந்தது.

"இத்தனை வண்டி ஏன் சும்மா நிக்குது?"

"உங்கள மாதிரி புது டிரைவர்களுக்காகக் காத்திட்டிருக்கு மேடம்."

"பழைய டிரைவருங்க எங்க?"

அவன் காபி சொல்லட்டுமா என்று கேட்டான். அவள் எழுந்து வந்துவிட்டாள். அந்தத் தொப்பி மட்டும் வீணாகவில்லை. அன்று முதல் அடுப்படியில் சூடான பாத்திரம் இறக்கும் துணியாக வேலைக்குச் சேர்ந்தது.

இரண்டாவது, தொழிற்பேட்டையின் கடைசியில் பன்னிரண்டு வண்டி மட்டும் வைத்திருந்த ஒரு ஷெட். அங்கே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிற சூப்பர்வைசர் ஒரு சிடுமூஞ்சி. அவளை உட்காரச் சொல்லவில்லை. உட்கார நாற்காலியும் இல்லை. இரும்புத் தடியால் டயர் டயராகத் தட்டிக்கொண்டே போனார், அவள் பின்னாலேயே போய்க் கேட்டாள்.

"முடியாதுன்னு சொன்னா என்ன ஆகும்?"

"திட்டுவேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, வேற ஆளத் தேடுவேன். ஆள் கிடைக்கலன்னா லோடு நாளைக்குப் போகும். ஆனா திட்டறத மட்டும் விட மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, ஒரு டிரைவர் வந்து, பிரேக்கில் சத்தம் வருகிறது, எடுக்க மாட்டேன் என்றான். சிடுமூஞ்சி அவனையும் அவன் பரம்பரையையும் பத்து நிமிஷம் வைது தீர்த்தார். வைதுகொண்டே சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வண்டிக்கு அடியில் நுழைந்தார். ஹாரன் அங்கிருந்த கழிப்பறையைப் போய்ப் பார்த்தாள். குழாயில் தண்ணீர் வந்தது. உள்தாழ்ப்பாள் விழுந்தது. வண்டிகள் பழசு, ஒரு வண்டியில் ஏறி உட்கார்ந்து பார்த்தபோது சீட்டு ஸ்பிரிங் குத்தியது. பரவாயில்லை என்று நினைத்தபடி வீட்டுக்கு வந்தாள். வந்து பார்த்தால் தண்ணீர் ஜாடிக்கு அடியில் அந்தக் காகிதம்.

மூன்றாவது கம்பெனி புருஷன் வேலை பார்க்கும் இடம். பதினெட்டு வருஷமாக அங்கே ஓட்டுகிறார். அங்கே அவருக்கு மேப் என்று பெயர். எந்த வளைவுக்குப் பிறகு எந்தப் பெட்ரோல் பங்க், எந்தப் பாலத்தில் எத்தனை தூண் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வார். போனில் வழி பார்க்கிற இளவட்டங்களைக் கண்டால் அவருக்கு இளக்காரம். போனில் வருகிற செய்தியைக்கூட மகளைக் கூப்பிட்டுத்தான் படிக்கச் சொல்வார். சோம்பேறி அப்பா என்று சொல்லிக்கொண்டே மகள் படித்துக் காட்டுவாள்.

இரண்டு நாள் வீட்டில் சண்டை. கரண்டி பேசியது, கதவு பேசியது, அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் காலை அவர் அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"ஒரே ஒரு தடவ வந்து ஓட்டிப் பாரு. பிடிக்கலன்னா வேண்டாம். எனக்காக."

எனக்காக என்று அவர் எதையும் கேட்டதில்லை. உப்பு குறைந்தால்கூடக் கேட்காமல் சாப்பிட்டு எழுந்துவிடுகிற மனுஷன். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் போனாள். பின்னால் அதை நினைக்க நினைக்கத்தான் அவளுக்கு ஆறவேயில்லை.

மேனேஜர் வாசலுக்கே வந்து வரவேற்றார். "வாங்க அண்ணி, வாங்க. அண்ணன் உங்களப் பத்தித்தான் எப்பவும் பேச்சு. நாம எல்லாம் ஒரே குடும்பம்." அவளைவிடப் பத்து வயது சின்னவர், கண்ட அன்றைக்கே அண்ணி. அவள் உட்கார்ந்ததும் தன் கேள்வியைக் கேட்டாள்.

"முடியாதா? நம்ம குடும்பத்துல அந்த வார்த்தையே கிடையாதே அண்ணி. பதினெட்டு வருஷத்துல அண்ணன் ஒரு தடவ சொன்னதில்ல. கேட்டுப் பாருங்க."

புருஷன் முகத்தில் பெருமை தாங்கவில்லை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

யார்டில் புது வண்டி நின்றது. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத இருக்கைகள், பின்னால் திரை போட்ட படுக்கை, தலைமாட்டில் சின்ன விளக்கு. போகும்போது அண்ணன் ஓட்டட்டும், நீங்கள் படுத்துப் பாருங்கள், வரும்போது நீங்கள் ஓட்டுங்கள் என்று மேனேஜர் ஏற்பாடு சொன்னார். இரண்டு மணி நேர ஓட்டத்தில் ஒரு கிடங்கு, காலி கன்டெய்னரை இறக்கிவிட்டு வேறொன்றை ஏற்றி வர வேண்டும்.

அவள் படுத்துப் பார்த்தாள். சும்மா சொல்லக் கூடாது, படுக்கை நன்றாகத்தான் இருந்தது. வண்டி அதிராமல் போனது. இரண்டு நாள் சண்டையில் சரியாகத் தூங்காதவள், அரைமணி நேரம் அசந்தே போனாள். எழுந்தபோது கோபம் பாதியாகக் குறைந்திருந்தது. திரை விலகிய இடைவெளியில் அவர் பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். ஜோடியாக ஓட்டினால்தான் என்ன, மனுஷனை வாரம் ஏழு நாளும் பார்க்கலாமே என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது.

திரும்பும்போது அவள் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தாள். முன்னால் பரந்த கண்ணாடி, கீழே சாலை. பதினொரு வருஷம் பஸ் ஓட்டியதெல்லாம் இதற்கான ஒத்திகை என்று தோன்றியது. வாய்விட்டுச் சிரித்தாள்.

"இப்போ ஒரு வளைவு வரும், கியர குறைச்சுக்கோ," என்றார் பக்கத்து இருக்கையில் மேப். வளைவு வந்தது. "அடுத்து பெட்ரோல் பங்க். தாண்டினதும் எண்பதுன்னு போர்டு." பங்க் வந்தது, போர்டு வந்தது. "நேரா போ. விமான நிலையம் பதினாலு கிலோமீட்டர்னு பச்சை போர்டு வரும்."

முன்னால் பச்சை போர்டு எதுவும் இல்லை. அந்த இடத்தில், சாலைக்குக் குறுக்கே, ஒரு வீட்டுச் சுவர் அளவுக்கு மஞ்சள் போர்டு நின்றது. பாலத்தில் வேலை நடக்கிறது, கனரக வாகனங்கள் மாற்றுப் பாதையில் செல்லவும் என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. அம்புக்குறி ஒன்றே ஆள் உயரம் இருந்தது. காலையில் அவர்கள் போனது எதிர்ப்பக்கச் சாலையில், அங்கே இந்தப் போர்டு இல்லை.

தன்னைச் சோதிக்கிறார் என்று முதலில் நினைத்தாள்.

"அது என்ன போர்டுங்க?"

"எது?"

"முன்னாடி. தெரியுதே."

அவர் தலையை லேசாகச் சாய்த்தார். கோழி பார்ப்பது போல, ஒரு பக்கமாக. "அதான் சொன்னேனே. விமான நிலையம், பதினாலு."

கொஞ்சமும் தயங்காமல் சொன்னார். வேகத்தைக் குறைத்து, போர்டுக்கு நூறு அடி முன்னால் சாலையோரமாக வண்டியை ஒதுக்கி நிறுத்தினாள். ஹேண்ட் பிரேக் புஸ்ஸென்று காற்றுவிட்டது.

"ஏன் நிறுத்திட்ட?"

அவள் மனசில் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. மகள் படித்துக் காட்டும் போன் செய்திகள். டம்ளருக்கு வெளியே அவர் ஊற்றுகிற பால். கோட்டுக்கு விரலளவு மேலே போட்ட கையெழுத்து. அலட்சியம் என்று நினைத்து இரண்டு நாள் அவரைத் தின்றுகொண்டிருந்தாள். அலட்சியமாக இருந்திருந்தால் எவ்வளவோ தேவலை.

"எப்போலேர்ந்து?" என்றாள்.

அவர் பொய் சொல்லிப் பார்க்கவில்லை. அதற்காக மட்டும் அவரைப் பின்னால் அவள் கொஞ்சம் மன்னித்தாள். "ஒரு வருஷம் ஆச்சு. நேரா பாத்தா நடுவுல கறை மாதிரி இருக்கு. பக்கத்துல தெரியும். வெயில் நல்லா அடிச்சா ஒண்ணும் பிரச்சன இல்ல. சாயங்காலம் ஆனாத்தான் கொஞ்சம்..."

"இப்போ மணி மூணு."

வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

"டாக்டர்கிட்ட போனீங்களா?"

"நாலு மாசம் முன்னாடி போனேன். சர்க்கர கண்ணுக்கு ஏறிடுச்சுன்னாரு. வைத்தியம் பாக்கணும், வண்டி ஓட்டக் கூடாதுன்னு லெட்டர் குடுத்தாரு."

"லெட்டர் எங்க?"

"மேனேஜர்கிட்ட குடுத்தேன்."

"அவரு?"

"டிராயர்ல வச்சுப் பூட்டிட்டாரு. உங்க சம்சாரம் லைசென்ஸ் எடுக்கறாங்களே, ஜோடியா போட்டுடலாம். வெளிச்சம் கம்மியா இருக்கற நேரமெல்லாம் அவங்க ஓட்டட்டும், யாருக்கும் தெரிய வேண்டாம், இத்தன வருஷ சர்வீஸ் வீணாப் போகக் கூடாதுன்னாரு."

அப்படியானால் அவளை டிரைவராக எடுக்கவில்லை. அவருக்கு ஒரு மூக்குக்கண்ணாடியாக எடுத்திருக்கிறார்கள். புது வண்டி அந்தக் கண்ணாடிக்கு ஒரு கூடு. அதில் அவளுக்கு வந்த கோபம் பெரிதுதான், ஆனால் அதற்குப் பின்னால் இன்னொன்று வந்துகொண்டிருந்தது.

"காலையில நான் பின்னாடி தூங்கிட்டு வந்தேன்," என்றாள்.

"எனக்கு ரூட் மனப்பாடம்மா."

"ரூட் மனப்பாடம். ரூட்ல குறுக்க நடக்கறவன் மனப்பாடமா? முன்னாடி பிரேக் போடறவன் மனப்பாடமா? நாப்பது டன்ன வச்சுக்கிட்டு ஒரு வருஷமா நீ என்ன பண்ணிட்டிருந்தேன்னு உனக்குத் தெரியுதா?"

இருபத்தோரு வருஷத்தில் அவரை அவள் நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் அதைக் கேட்டுத் திடுக்கிடக்கூட இல்லை.

"ஒன்பது மாசம் முன்னாடி, நாலு ரோடு சந்திப்புல ஒரு டிரெய்லர் என் பஸ்ஸ உரசற மாதிரி வந்துச்சு. நாப்பது புள்ளைங்களும் கத்துச்சுங்க. அன்னைக்கு வீட்டுல வந்து அவன வாய்க்கு வந்தபடி திட்டினேன். நீ பாதி சாப்பாட்டுல எந்திரிச்சுப் போன. அது நீயா?"

"இல்ல. சத்தியமா இல்ல. அன்னைக்கு நான் வேற பக்கம் போயிருந்தேன்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "நானா இருந்திருக்கலாம்னு அன்னைக்கே தோணுச்சு. அதான் எந்திரிச்சுப் போனேன்," என்றார்.

"தோணிச்சுல்ல? அப்புறமும் மறுநாள் வண்டி எடுத்த."

"வேற என்ன செய்யச் சொல்ற? எனக்கு இத விட்டா என்ன தெரியும்? முடியாதுன்னு சொல்லிட்டு வீட்டுல உக்காந்தா நான் யாரு?"

அவள் ஸ்டீயரிங்கை ஓங்கி ஓர் அடி அடித்தாள். அடி ஹாரனில் விழுந்தது. புது வண்டியின் ஹாரன், காது கிழிகிற மாதிரி ஊளையிட்டது. எதிர்ப்பக்கம் போன கார்க்காரன் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனான். அவள் கையை எடுக்கவில்லை. மூச்சு முட்டும் வரை அழுத்திக்கொண்டே இருந்தாள்.

பிறகு வண்டியை எடுத்தாள், மஞ்சள் போர்டு காட்டிய பாதையில் திருப்பினாள். மேப் வழி சொல்லவில்லை. அவள்தான் சொல்லிக்கொண்டு வந்தாள். வழியில் இருந்த ஒரு போர்டு விடாமல் உரக்கப் படித்தாள். "பள்ளிக்கூடம், மெதுவாகச் செல்லவும். நாற்பது. குறுகிய பாலம். எதிரே வண்டி வரும், வழி விடவும். டயர் கடை. மறுபடி நாற்பது." வசவு வைகிற குரலில் யார்டு வந்து சேரும் வரை படித்தாள். அவர் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே வந்தார்.

யார்டில் இறங்கி நேராக மேனேஜர் அறைக்குப் போனார்கள்.

"எப்படி அண்ணி, வண்டி பிடிச்சுதா?"

"லெட்டர் எங்க?"

"எந்த லெட்டர்?"

"டிராயர்ல பூட்டி வச்சிருக்கற கண் டாக்டர் லெட்டர்."

மேனேஜர் புருஷனைப் பார்த்தார். பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். அது சரியாகச் சாத்திக்கொள்ளவில்லை. "உக்காருங்க அண்ணி. உணர்ச்சிவசப்படாதீங்க. அண்ணனுக்கு ஒரு வழி பண்ணலாம்னுதான்..."

"நான் உங்களுக்கு அண்ணி இல்ல."

"சரி. அண்ணே, நீங்களே சொல்லுங்க. இது உங்க இஷ்டம். இன்னும் ஒரு வருஷம் ஓட்டிக்கறேன்னு சொன்னது நீங்கதான?"

அவளுக்கு நாக்கு துடித்தது. சொல்ல ஆயிரம் இருந்தது, அவள் வாயைத் திறந்தால் அந்த அறை தாங்காது. திறக்கவில்லை. நாற்காலியின் கைப்பிடியை விரல் வெளுக்கப் பிடித்துக்கொண்டு புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதை அவள் சொன்னால் பெண்டாட்டி தடுத்துவிட்டாள் என்று ஆகும். இன்னும் ஒரு மாதத்தில் வேறொரு மேனேஜர், வேறொரு வண்டி என்று ஆகும். இதை அவர்தான் சொல்ல வேண்டும்.

அவர் மேஜைப் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தார். தொண்டையைக் கனைத்தார்.

"என்னால முடியாது சார்."

"மெதுவா அண்ணே. வெளிய ஆளுங்க இருக்காங்க."

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அவர் குரல் தாழ்ந்திருக்கும். அந்த 'மெதுவா'வில்தான் அவருக்கு என்னவோ ஆகிவிட்டது. "போர்டு தெரியல சார். எனக்கு ஒரு வருஷமா தெரியும், உங்களுக்கு நாலு மாசமா தெரியும். இனிமே என்னால முடியாது," என்று வெளிக்கூடம் வரை கேட்கிற குரலில் சொன்னார். வெளியே சாவி வாங்க நின்ற டிரைவர்களின் பேச்சு நின்றது. கணினியில் தட்டிக்கொண்டிருந்த பெண்ணின் விரல் சத்தமும் நின்றது.

அதற்குப் பிறகு குடும்பம் கலைய இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அண்ணன், அண்ணி எல்லாம் காற்றோடு போயிற்று. மேனேஜர் டிராயரைத் திறந்து லெட்டரை மேஜையில் எறிந்தார். கூடவே ஒரு வெள்ளைக் காகிதத்தை நகர்த்தி, "உடல்நிலை காரணமா நீங்களா விலகறதா எழுதிக் குடுத்துட்டுப் போங்க. கம்பெனி பேர இழுக்காதீங்க," என்றார்.

"எழுதறோம். 'கண் தெரியாதுன்னு நாலு மாசம் முன்னாடியே லெட்டர் குடுத்திருக்கேன்'னு தேதியோட எழுதறோம். நாளைக்கு லைசென்ஸ் ஆபீஸ்ல ஒரு நகல் குடுக்கறோம்," என்றாள் ஹாரன்.

"கம்பெனி பேர் கெட்டுடும்."

"கெடட்டும்."

எழுதியது அவள். கையெழுத்து அவர் போட வேண்டும். பேனாவை வாங்கியவர் காகிதத்தின் மேல் கையை அப்படியும் இப்படியும் நகர்த்தினார். "எங்க போடணும்?" என்று கேட்டார், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

அவள் ஆள்காட்டி விரலைக் கோட்டின்மேல் வைத்தாள். "என் விரலத் தொட்டுக்கிட்டே போடுங்க."

அவர் போட்டார். இந்தத் தடவை கையெழுத்து கோட்டின்மேல் உட்கார்ந்தது. பிறகு சட்டைப்பையிலிருந்து லைசென்ஸை எடுத்து, கேட்காமலே அவளிடம் கொடுத்தார். அவள் தன் பெயரில் இருந்த விண்ணப்பத்தைப் பையிலிருந்து எடுத்து நாலாகக் கிழித்து, அங்கே இருந்த குப்பைக்கூடையிலேயே போட்டாள்.

கேட்டுக்கு வெளியே வந்ததும் சிடுமூஞ்சிக்குப் போன் செய்தாள்.

"நான் வேலைக்கு வரேன்."

"நாளைக்குக் காலையில ஆறு மணி."

"நாளைக்கு முடியாது. வீட்டுக்காரர கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்."

"சேர்றதுக்கு முன்னாடியே முடியாதா? நல்ல ஆளாப் பாத்து சேத்தேன் போ. இப்படி ஆளாளுக்கு முடியாது முடியாதுன்னா நான் ஷெட்ட மூடிட்டு..." அரை நிமிஷம் காது புளிக்கக் கேட்டாள். கடைசியில், "சரி, நாளன்னைக்கு ஆறு மணி. லேட்டா வராத," என்று வைத்துவிட்டார்.

பஸ் நிறுத்தம் எதிர்ப்பக்கம் இருந்தது. அவள் கோபம் தீரவில்லை. தீர ரொம்ப நாள் ஆகும் என்று அவளுக்கே தெரிந்திருந்தது. அவரை விட்டு நாலடி முன்னால் நடந்தாள். சாலை ஓரத்துக்கு வந்ததும், பின்னால் செருப்புச் சத்தம் நின்றுவிட்டதைக் கேட்டுத் திரும்பினாள். சாயங்கால வெயில் நேராக முகத்தில் அடித்தது. டிரெய்லர்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. பதினெட்டு வருஷம் வேலை முடிந்து கடந்த அதே இடத்தில், மேப் ஒரு கையைக் கண்ணுக்கு மேலே வைத்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு நின்றார்.

"வண்டி வருதா?" என்று கேட்டார்.

அவள் நாலடி திரும்பி வந்து அவர் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"வருது. நில்லுங்க."